கூட இருந்து சொல்லித்தர ஓர் ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கான சிறிய இல்லம் நடத்துகிறோம். புதிய பராமரிப்பாளர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு உண்டு. இருந்தும் பலர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாகப் போடச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. பலன் இருக்குமா?

வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

இருக்கும். சாப்பாடு ஊட்டுவதையே பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைக்கணும், மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கணும், அரைக் கரண்டி போதும் என்பதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். ஆனால் வேலை நெருக்கடியில் புதியவர் நின்றபடியே ஊட்டுவார். சாப்பிடுபவர் அவரை அண்ணாந்து பார்ப்பார். கழுத்து பின்னால் சாயும், புரையேறும். கரண்டியைப் பல் கவ்விக்கொண்டால் பதறி வெடுக்கென இழுப்பார். இழுக்க இழுக்கக் கடி இறுகும். தாடை தானாகத் தளரும்வரை பொறுக்க வேண்டும். அதை அந்த நொடியில் சொல்ல, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சிலருக்கு இருமல்கூட வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சாப்பிட்டதும் குரல் சளி கட்டியதுபோல் களகளப்பது ஓர் அறிகுறி. அந்த வேறுபாடு காது பழகினால்தான் பிடிபடும்.

முதல் வாரம் புதியவர் பார்க்கட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து செய்யட்டும். பிறகு அவர் செய்ய, மூத்தவர் பார்க்கட்டும். ஆபத்து என்றால் மட்டும் உடனே குறுக்கிடலாம். மற்ற திருத்தங்களை ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிடம் தனியே பேசிக்கொள்ளலாம். இல்லத்தில் இருப்பவர் எதிரிலேயே திட்டினால் புதியவருக்கும் அவமானம், அவருக்கும் சங்கடம். தன்னை எப்படித் தூக்கினால் வலிக்காது என்று அவரிடமே கேட்கப் பழக்குவதும் வழிகாட்டியின் வேலை. பேச்சு வராதவர்கள்கூடக் கண்ணாலோ படப்பலகையாலோ பதில் சொல்வார்கள். பல இடங்களில் இந்தக் கேள்வியே கேட்கப்படுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சம்பளமும் விடுப்பும் தீர்மானிப்பவரை வழிகாட்டியாகப் போடாதீர்கள். தூக்கும்போது கை நழுவியதை அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். மறைத்த தவறு மறுபடி நடக்கும். தெரியாமல் செய்துவிடுவோமோ என்ற பயமும், கேட்க ஆளில்லாத தனிமையும், தவறாகத் தூக்கி வரும் முதுகுவலியும் சேர்ந்தே பலரை வெளியே தள்ளுகின்றன.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். மூத்தவரின் பராமரிப்பில் இல்லத்தவர் நான்கு பேர் இருந்தால், வழிகாட்டும் வாரங்களில் இரண்டாகக் குறையுங்கள். குறைக்காமல் போட்டால் வழிகாட்டுதல் பெயரளவில்தான் நடக்கும், அவரும் களைத்துப்போவார். அதுவும் முடியாதென்றால் சாப்பாட்டு நேரத்துக்கும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் நேரத்துக்கும் மட்டுமாவது கூட இருக்கச் சொல்லுங்கள். புரையேறுவதும் கீழே விழுவதும் நேரக்கூடிய நேரங்கள் அவை.