லாரி, வேன், பேருந்து என நிறைய வண்டிகள் ஓடும் நிறுவனத்தில் ஏசி, ஹீட்டர் பராமரிப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி கேட்டவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பராமரிப்புப் பொறுப்பாளர். வெயில் ஏறியதும் ஏசி புகார்கள் வரிசை கட்டுகின்றன, கேஸ் அடித்து அனுப்புகிறார்கள், சில வாரத்தில் அதே வண்டி திரும்பி வந்து நிற்கிறது. குளிர் வந்ததும் ஹீட்டர் பக்கமும் இதே கதை. நானும் இதே வேலையில் இருப்பவன் என்பதால், எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், கேஸ் அடிப்பதைப் பராமரிப்பு என்று கணக்கில் எழுதுவதை நிறுத்துங்கள். கேஸ் டீசல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருப்பது. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். ஆனால் அந்தக் குறைவு தெரிய வருடங்கள் ஆகும். சில வாரத்தில் குளிர் போய்விட்டது என்றால் எங்கோ கசிகிறது. அதைத் தேடாமல் அனுப்பும் வண்டி திரும்பி வந்தே தீரும்.

கேஸ் போனால் குளிர் மட்டும்தானே போகிறது என்று நினைக்கக் கூடாது. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறையக் குறைய எண்ணெய் திரும்பி வருவதும் குறைகிறது. கசிவு வழியே எண்ணெயும் கொஞ்சம் போகிறது. கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து, கடைசியில் ஜாம் ஆகிறது. அப்போது உதிரும் உலோகத் தூள் நேராகப் போய், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரில் சேர்கிறது. இப்போதைய கண்டென்ஸர்களின் துளைகள் மிக நுண்ணியவை, உள்ளே போன தூளைக் கழுவி முழுதாக எடுக்க முடியாது. புது கம்ப்ரஸரை மட்டும் மாட்டினால் அந்தத் தூள் அதையும் தின்றுவிடும். ஆகவே கம்ப்ரஸரோடு கண்டென்ஸர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸின் அழுத்தத்தைக் குறைத்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் மாற்ற வேண்டியதாகிறது. இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையமான ஓர் ஓரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படித்தான் பெரிதாகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எடையிலிருந்து. கேஸின் அளவைக் கேஜ் பார்த்துச் சொல்ல முடியும் என்ற நம்பிக்கை பல ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஓடாமல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிற்கும் வண்டியில் ஆர்-134ஏ என்ற கேஸ் சுமார் 6.7 பார் அழுத்தம் காட்டும். உள்ளே முழு அளவு இருந்தாலும் அதே 6.7, பாதி இருந்தாலும் அதே 6.7. கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. எஞ்சின் ஓடும்போது வரும் அழுத்தங்கள் நிறையச் சொல்லும், ஆனால் அதுவும் வெளி வெப்பம், ஈரப்பதம், விசிறி வேகம் எல்லாவற்றோடும் மாறும். உள்ளே இருப்பதை மெஷினில் முழுதாக உறிஞ்சி எடுத்து எடை பார்ப்பதுதான் ஒரே நம்பகமான வழி. அப்புறம் வண்டியின் லேபிளில் எழுதியிருக்கும் அளவைக் கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும்.

அந்த இரண்டு எண்களையும், எடுத்தது எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு என்று, வண்டி எண், தேதி, கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். நிறைய வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. ஒரே மாடலில் நாலைந்து வண்டிகள் ஒரே மாதிரி கேஸ் இழந்தால் அது தற்செயல் இல்லை. பெரும்பாலும் ஒரே இடத்தில் ஹோஸ் சேஸியில் உரசிக்கொண்டிருக்கும், அல்லது ஒரே இணைப்பில் அதிர்வு தாங்காமல் ஓரிங் தளர்ந்திருக்கும். ஒரு வண்டியில் கண்டுபிடித்தால் மற்ற வண்டிகளில் புகார் வரும் முன்பே ஒரு கிளாம்ப் போட்டு முடித்துவிடலாம். ஏசி பராமரிப்பில் பணம் மிச்சமாகும் இடம் என்று நான் உறுதியாக நம்புவது இந்த நோட்டைத்தான்.

கசிவைத் தேடும்போது விலை உயர்ந்த கருவிக்கு முன்னால் கண்ணை நம்புங்கள். ஹோஸும் அலுமினியக் குழாயும் சேரும் இடத்தில் உலோக வளையம் நெரித்துப் பிடித்திருக்கும். சுற்றிலும் தூசி வெளிறிக் காய்ந்திருக்க, அந்த வளையத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக, ஈரமாகத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் எண்ணெய் பிசுபிசுக்கும். கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்து வைக்கிறது. கம்ப்ரஸர் கிளட்சின் பின்னால், கண்டென்ஸரின் கீழ் மூலைகளில், சர்வீஸ் வால்வின் மூடிக்குள்ளும் இதே அடையாளத்தைத் தேடுங்கள். எலக்ட்ரானிக் டிடெக்டர் பிடிக்கும்போது முனையை இணைப்புக்குக் கீழே கொண்டுபோங்கள், கேஸ் காற்றைவிடக் கனமானது. சுற்றைக் காலி செய்த பிறகு என்றால், காய்ந்த நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நல்ல வழி. கசிவை அடைக்கும் சீலன்ட் மட்டும் வேண்டாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் உறிஞ்சும் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும்.

சுற்றைத் திறந்தால் டிரையரை மாற்றுங்கள், வேக்குவம் போடுவதில் அவசரம் காட்டாதீர்கள். வேக்குவம் போடுவது காற்றை எடுக்க மட்டும் இல்லை. அழுத்தம் மிகக் குறைந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வரும். தங்கிப்போன ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். பம்பை நிறுத்தி, கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பதும் இதில் சேர்த்திதான்.

லாரிகளில் கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். பூச்சி, புழுதி, வைக்கோல் தூள் எல்லாம் முதலில் அங்கேதான் சேரும். கண்டென்ஸர் அடைபட்டால் கேஸின் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் எஞ்சின் விசிறி அடிக்கடி முழு வேகத்துக்குப் போகும். பெரிய லாரியின் விசிறி முழு வேகத்தில் சுழலும்போது பல பத்துக் குதிரைத்திறனை எஞ்சினிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஏசி குறை என்று யாரும் சொல்லாத வண்டியில்கூட அழுக்குக் கண்டென்ஸர் டீசலைத் தின்றுகொண்டிருக்கும். காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அழுக்கைவிட மோசமாக அடைத்துவிடும்.

அப்புறம் டிரைவர்களிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்று எழுதி வந்தால் மெக்கானிக்குக் கேஸ் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. நிற்கும்போது மட்டும் குளிர் குறைகிறதா? அப்படியானால் கண்டென்ஸர் பக்கம் காற்றோட்டம் போதவில்லை, விசிறியைப் பாருங்கள். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து அப்புறம் காற்று வருவதே குறைகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. தொடக்கத்திலிருந்தே காற்று குறைவா? கேபின் ஃபில்டர். காற்று நிறைய வந்தும் குளிர்ச்சி போதாதா? கேஸைத் தொடும் முன் ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கண்ட்ரோல் ‘கூல்’ பக்கம் இருக்கும்போதும் ஹீட்டரில் வெந்நீர் ஓடும் வண்டிகளில், சூட்டுக் காற்றைத் தடுக்கும் கதவு சரியாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்றில் சூடு கலக்கும். ஹீட்டர் வால்வு வைத்த வண்டியில் அந்த வால்வே சரியாக மூடாமல் இருக்கலாம். ஹோஸை அதற்குரிய கிளாம்பால் தற்காலிகமாக நெரித்துப் பார்த்தால் குளிர் உடனே திரும்பும். கேஸ் அடித்து அடித்துச் சலித்த பல வண்டிகளில் குறை இங்கேதான் இருக்கும்.

ஹீட்டர் பக்கம் எளிது. அங்கே ஓடுவது எஞ்சின் கூலண்ட், எனவே ஹீட்டர் பராமரிப்பு என்பது பாதிக்கு மேல் கூலண்ட் பராமரிப்பு. கூலண்ட் அளவு குறைந்தால் ஹீட்டர் குளிர்ந்த காற்று விடுவது முதல் அறிகுறிகளில் ஒன்று. இரண்டு ஹோஸில் ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால், ஒன்று ஹீட்டர் கோர் (கூலண்டின் சூட்டைக் கேபின் காற்றுக்குக் கொடுக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் வால்வு திறக்கவில்லை, காற்றுப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், எஞ்சின் சூடேறிய பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். அப்படி எஞ்சின் குளிராக ஓடுவது எஞ்சினுக்கும் நல்லதில்லை. வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலக்க விடாதீர்கள். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிற வழக்கம் ஆபத்தானது, ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் வருகின்றன. கேபினில் இனிப்பான வாசனையும் கண்ணாடியின் உட்புறம் பிசுக்கான படலமும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது என்று பொருள்.

ஏசியை வெறும் சொகுசாக நினைத்துக் கடைசி வரிசையில் வைக்கும் நிர்வாகத்திடம் நான் சொல்வது கண்ணாடியைப் பற்றித்தான். முன்கண்ணாடியில் பனிமூட்டம் படியும்போது டீஃப்ராஸ்ட் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஏசி கம்ப்ரஸரும் ஓடும். கூலிங் காயில் காற்றின் ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது, காய்ந்த சூடான காற்று கண்ணாடியைத் துடைக்கிறது. ஏசி கெட்ட வண்டியில் மழை இரவில் டிரைவர் ஒரு கையில் துணியோடு ஓட்ட வேண்டியிருக்கும். இதற்காகவே குளிர் காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடமாவது ஏசியை ஓட விடச் சொல்லுங்கள். ஷாஃப்ட் சீலில் எண்ணெய் காயாமல் இருக்கவும் அது உதவும்.

எஞ்சின் நின்றபோது கேபினைச் சூடாக்கும் டீசல் ஹீட்டர்கள் இருந்தால், அவற்றுக்கு நேர்மாறாக, வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை ஓட்டம் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய டீசல் தேங்கிக் குழாயும் பம்பும் அடைக்கும். அதை அணைத்த பிறகும் உள்ளே விசிறி சில நிமிடம் ஓடிச் சூட்டை வெளியேற்றும். அந்த நேரத்தில் பேட்டரி மெயின் ஸ்விட்சை அணைப்பது ஹீட்டரைக் கெடுக்கும். டிரைவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பாருங்கள். அந்தக் கேபினில் ஆள் தூங்குகிறார், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ் வகையிலும் கவனம் வேண்டும். ஓசோன் படலத்துக்காக 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தபின், 1990-களில் ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. அதுவும் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் திறன் கொண்டது என்பதால் புது வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. பேருந்துகளின் கூரை ஏசியில் ஆர்-407சி இருக்கலாம். உங்கள் வண்டிகளில் இவை கலந்தே இருக்கும். இணைப்பு முனைகளை வேண்டுமென்றே வெவ்வேறாகச் செய்திருக்கிறார்கள், அடாப்டர் போட்டு அதைத் தாண்டுவதை ஒர்க்‌ஷாப்பில் அனுமதிக்காதீர்கள். ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கென்று தனி மெஷின் வேண்டும். எதையும் காற்றில் திறந்துவிடக் கூடாது.

மின்சாரப் பேருந்து, வேன் வாங்கத் திட்டம் இருந்தால் எண்ணெய் விஷயத்தில் மட்டும் இப்போதே பழக்கம் ஏற்படுத்துங்கள். உயர் மின்னழுத்த கம்ப்ரஸரில் மோட்டார் சுருள் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய்தான் பொதுவாகப் பயன்படுகிறது. சாதாரண வண்டியின் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெடும். சர்வீஸ் ஹோஸில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும், எனவே ஹோஸும் மெஷினும் தனியாக இருக்கட்டும். அங்கே ஏசியும் ஹீட்டரும் பேட்டரியிலிருந்தே எடுப்பதால், சார்ஜரில் இருக்கும்போதே கேபினைத் தயார் செய்து அனுப்புங்கள்.

நேர ஒழுங்கைப் பொறுத்தவரை, வெயிலுக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஏசி, குளிருக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சர்வீஸுக்கு வண்டி வரும்போதே பெல்ட், கண்டென்ஸர், கேபின் ஃபில்டர், தண்ணீர் வடியும் குழாய் இவற்றைப் பார்த்துவிடலாம், தனி நாள் தேவையில்லை. நடு வென்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, வெளி வெப்பத்தோடு சேர்த்து அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். இந்த வாரமே தொடங்க நினைத்தால், கடந்த வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் கேஸ் அடித்த வண்டிகளின் பட்டியலைப் பில்களிலிருந்து எடுங்கள். பட்டியலில் முதலில் நிற்கும் வண்டியை ஒருநாள் முழுக்க நிறுத்தி, கசிவு கிடைக்கும் வரை அதற்கு கேஸ் ஏற்றாதீர்கள். வண்டி மாடலும் கேஸ் வகையும் இங்கே எழுதினால், எந்த இடத்தை முதலில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.