குட்டையில் 8.6, லேபில் 7.8: பி.எச். பேனாவை எப்போது நம்பலாம்?

கேள்வி: எங்கள் வன்னாமி இறால் குட்டைக்கு இப்போது 60 நாள். ஆறு மாதம் முன்பு வாங்கிய பி.எச். பேனா சாயங்காலம் 4 மணிக்கு 8.6 காட்டியது. அதே நேரத்தில் பாட்டிலில் பிடித்த தண்ணீரை மறுநாள் காலை லேபில் பார்த்தபோது 7.8 என்றார்கள். எதை நம்பிச் சுண்ணாம்பு போடுவது? பேனாவைக் காலிபரேட் செய்ய (அளவைத் திருத்தி அமைக்க) போனால் 'எர்ரர்' வருகிறது. மூடிக்குள் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். பேனாவை வைத்துக் குட்டையின் சாலினிட்டி (உப்பளவு) பார்க்கலாமா?
— வேதாரண்யம் பகுதி இறால் விவசாயி

பதில்: பேனாவைச் சரிபார்த்து முடிக்கும் வரை சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். 7.8-ஐ நம்பி, உண்மையில் 8.6-இல் இருக்கும் குட்டையில் நீற்றுச் சுண்ணாம்பைப் போட்டால் பி.எச். 9-ஐத் தொட்டுவிடும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 8-ஆக இருக்கும்போது தண்ணீரில் உள்ள மொத்த அமோனியாவில் 6, 7 சதவீதம்தான் இறாலுக்கு நஞ்சான வடிவத்தில் இருக்கும். 9 ஆனதும் அது 40 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும். 60 நாள் தீவனம் விழுந்த குட்டையில் அமோனியா இல்லாமல் இராது. அதனால்தான் இந்தப் புள்ளி எட்டு வித்தியாசத்தைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது.

இரண்டு எண்ணும் சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பகலில் பாசி வெயிலை வாங்கித் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், பி.எச். ஏறும். மாலை 3, 4 மணிக்கு அது உச்சத்தில் நிற்கும். இருட்டியதும் பாசி, பாக்டீரியா, இறால் எல்லாம் மூச்சு விட்டுக் கரியமில வாயுவைத் திரும்பக் கொடுக்கும், பி.எச். இறங்கும். மூடிய பாட்டிலுக்குள்ளும் இதேதான் நடக்கும். பச்சைத் தண்ணீரைப் பிடித்து இரவெல்லாம் இருட்டில் வைத்தால், காலையில் லேபில் அளப்பது அந்தப் பாட்டிலின் பி.எச்., குட்டையின் பி.எச். ஆகாது. பி.எச். என்பது தண்ணீரை அள்ளிய கால் மணி நேரத்துக்குள் கரையிலேயே அளக்க வேண்டியது. லேபுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பேனாவையும் கையோடு எடுத்துப்போய், அவர்கள் அளக்கும் அதே நிமிடத்தில், அதே பாட்டிலில் நீங்களும் அளந்து பாருங்கள்.

ஆனால் உங்கள் பேனா காய்ந்து கிடக்கிறது, காலிபரேட் ஆகவும் மறுக்கிறது. ஆகவே 8.6-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காய்ந்த பேனாவுக்கு என்ன ஆகிறது

நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழின் மேல் ஈரமான மெல்லிய ஜெல் படலம் ஒன்று உண்டு. பி.எச்.-ஐ உணர்வது அதுதான். காய்ந்தால் படலம் செயலிழக்கும். எண் மெதுவாக ஊர்ந்து போகும், கடைசியில் தவறான இடத்தில் நிற்கும். குமிழுக்குப் பக்கத்தில் சின்னதாக வெள்ளைப் புள்ளி போலவோ துணித் திரி போலவோ ஒன்று தெரியும். அதுதான் ஜங்ஷன். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் அதன் வழியாக வெளியே கசிந்துகொண்டே இருந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். குட்டைச் சேறும் பாசிப் பிசுக்கும் அதை அடைத்துவிட்டால் எண் குதிக்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் இந்தக் கரைசல் காய்ந்த உப்புதான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், தண்ணீரில் கரைந்துவிடும்.

மீட்டெடுக்கும் வரிசை இது. சாதாரணத் தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் நுனியை ஊறவிட்டு அலசுங்கள். பாசிப் பிசுக்கு இதிலேயே போய்விடும். சுண்ணாம்பு படிந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 15 நிமிடம் வைத்து நன்றாக அலசுங்கள். கழிப்பறை ஆசிட் வேண்டாம். பிளீச்சிங் கரைசலால் சுத்தம் செய்கிறவர்கள் வினிகர் பட்ட கிண்ணத்திலேயே அதை ஊற்றிவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஜங்ஷன் இன்னும் அடைத்திருப்பதாகத் தோன்றினால், நுனி காயாமல் வைக்கும் ஸ்டோரேஜ் கரைசலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கி 10 நிமிடம் வையுங்கள். கடைசியாக ஸ்டோரேஜ் கரைசலில் ஓர் இரவு முழுதும் ஊறட்டும். எந்த இடத்திலும் குமிழைத் துணியால் தேய்க்கக் கூடாது. டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஸ்டோரேஜ் கரைசல் என்று விற்பது பெரும்பாலும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. லேப் கெமிக்கல் கடையில் தூளாக வாங்கினால் 22.4 கிராமைக் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, மொத்தம் 100 மி.லி. வரும்படி நிரப்புங்கள். உரக்கடைப் பொட்டாஷும் பொட்டாசியம் குளோரைடுதான், ஆனால் அதில் கலந்திருக்கும் மண்ணும் மற்ற உப்புகளும் ஜங்ஷனை அடைத்துவிடும், அதை வாங்க வேண்டாம். பல பேர் செய்யும் இன்னொரு தவறு, சுத்தமான தண்ணீர்தானே என்று பேனாவை டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ போட்டு வைப்பது. உள்ளே இருக்கும் உப்பை அந்தத் தண்ணீர் உறிஞ்சி எடுத்துவிடும். காயப்போடுவதற்கு அடுத்தபடியாக பேனாவைக் கெடுப்பது இதுதான். கரைசல் தீர்ந்துபோன அவசரத்துக்குப் பி.எச். 4 பஃபரை (பி.எச். தெரிந்த, காலிபரேட் செய்யும் கரைசலை) மூடிக்குள் ஊற்றி வைக்கலாம்.

காலிபரேஷன் ஏன் எர்ரர் சொல்கிறது

ஊறிய பிறகும் எர்ரர் வந்தால் முதலில் பஃபரைச் சந்தேகப்படுங்கள். பேனாவோடு வரும் பொடிப் பாக்கெட்டுகள் வழக்கமாக 4.00, 6.86, 9.18. ஒவ்வொன்றையும் 250 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் கரைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் எண் மாறிவிடும். சில பேனாக்கள் 4.01, 7.00, 10.01 வரிசையை எதிர்பார்க்கும். அந்தப் பேனாவில் 6.86 பஃபரை வைத்து 7.00 என்று ஒத்துக்கொள்ள வைத்தால், அன்றிலிருந்து எல்லா அளவும் 0.14 கூடுதலாகவே வரும். எந்த வரிசை என்று அமைப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடிக்கடி கெட்டுப்போவது 10.01 பஃபர். காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித் தானாக இறங்கும். திறந்து ஒரு மாதம் ஆனதும் மாற்றிவிடுங்கள். மற்றவை மூன்று மாதம் தாங்கும். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி வையுங்கள்.

பஃபர் புதியது, அப்படியும் எர்ரர் என்றால் பேனாவின் காலிபரேஷனை ஃபேக்டரி நிலைக்குத் திருப்புங்கள். பழைய திருத்தம் நினைவில் இருந்தால் கீழே சொல்லும் சோதனை பொய்யாகிவிடும். சின்னக் கிண்ணங்களில் பஃபர்களைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலிபரேட் பட்டனைத் தொட வேண்டாம்.

எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால், உதாரணமாக எல்லாமே 0.3 கூடுதலாக வந்தால், ஜங்ஷன் சிக்கல். ஊறவைத்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். நடுவில் சரியாகவும் இரண்டு ஓரப் பஃபர்களில் 7-ஐ நோக்கிச் சுருங்கியும் காட்டினால் கண்ணாடி சோர்ந்துவிட்டது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 டிகிரியில் 9.18 பஃபரின் உண்மையான பி.எச். 9.14, 4 பஃபர் 4.01. வித்தியாசம் 5.1. உங்கள் பேனா 8.7, 4.4 என்று காட்டினால் வித்தியாசம் 4.3. இருக்க வேண்டியதில் 84 சதவீதம். 95-க்கு மேல் என்றால் நல்ல பேனா, 85-க்குக் கீழே போனதை மறுபடி ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள், ஏறாவிட்டால் நுனியை மாற்ற வேண்டியதுதான். எந்தக் கிண்ணத்தில் வைத்தாலும் 7-ஐ ஒட்டியே நின்றால் குமிழில் விரிசல், இனி உயிர் கிடையாது. எண் நிற்காமல் குதித்தால் பேட்டரியை மாற்றுங்கள். குமிழுக்குள் காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் குதிக்கும். தெர்மாமீட்டரை உதறுவது போல மெல்ல உதறினால் மேலே ஏறிவிடும்.

நுனி எத்தனை பத்திரமாக வைத்தாலும் ஒன்று, இரண்டு வருடத்துக்குள் தேய்ந்துவிடும், கடை அலமாரியில் இருந்தாலும் வயதாகும். அடுத்த முறை வாங்கும்போது நுனியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பேனாவை வாங்குங்கள். 

சோதனையில் தேறிவிட்டால் காலிபரேட் செய்யுங்கள். முதலில் 6.86 அல்லது 7.00, பிறகு 9.18 அல்லது 10.01. குட்டையின் பி.எச். 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது, அதனால் இந்த இரண்டும் அதை இருபுறமும் அணைத்து நிற்கும். 4 பஃபரை மட்டும் வைத்துக் காலிபரேட் செய்வதால் குட்டைக்கு ஒரு பலனும் இல்லை. ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் அலசி ஒற்றுங்கள். பயன்படுத்திய பஃபரைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். வாரம் ஒருமுறை காலிபரேட் செய்தால் போதும். ஆனால் தினமும் குட்டையில் அளக்கும் முன் 7 பஃபரில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். 0.1-க்குள் நின்றால் அன்றைய எண்ணை நம்பலாம். பஃபர் வாங்க மனமில்லாதவர் பேனாவுக்கும் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பஃபரில் சரிபார்க்காத எண்ணை நம்பி எடுக்கும் முடிவு, அளக்காமல் எடுக்கும் முடிவைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதில் தைரியம் கூடிவிடுகிறது.

குட்டையில் அளக்கும்போது

கரையோரத்தில் நுரையும் ஏரேட்டர் குமிழியும் இருக்கும் இடத்தை விடுங்கள். பலகைப் பாலத்திலிருந்து ஓர் அடி ஆழத்துத் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கில் அள்ளி, நிழலில் வைத்து, பேனாவை மெல்லச் சுழற்றிவிட்டு எண் நிற்கும் வரை காத்திருங்கள். காலை 6 மணி, மாலை 4 மணி என இரண்டு வேளை, தினமும் அதே இடம், அதே நேரம். ஒரே நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.5-க்குள் இருப்பது நல்லது. கூடிக்கொண்டே போனால் பாசி அடர்ந்துவிட்டது, தண்ணீரின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்பா, டோலமைட்டா, எவ்வளவு என்பதை முடிவு செய்ய ஒற்றை பி.எச். எண் போதாது. காரத்தன்மையை, அதாவது பி.எச். மாற்றத்தைத் தாங்கும் அந்தச் சக்தியை, துளிச் சோதனைக் கிட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காரத்தன்மை பி.எச். போல இரவில் மாறாது, பாட்டிலில் லேபுக்குக் கொடுத்தனுப்பினாலும் தப்பில்லை.

டி.டி.எஸ். பேனாவில் சாலினிட்டி

வேண்டாம். அந்தப் பேனா உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்தலை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. வீட்டுப் பேனாக்கள் பொதுவாக 9,990 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) வரைதான் போகும். 18 பி.பி.டி. (ஆயிரத்தில் 18 பங்கு உப்பு) குட்டைத் தண்ணீர் அதைத் தாண்டிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் பத்து மடங்கு நீர்த்துப் பார்க்கலாமே என்றால் அங்கேதான் பெருக்கும் எண் காலை வாருகிறது. நீர்த்த தண்ணீரின் கடத்தல் சுமார் 3.4 மில்லி சீமென்ஸ் வரும். 0.5-ஆல் பெருக்கும் பேனா அதை 1,700 என்று காட்டும், 0.7-ஆல் பெருக்குவது 2,400 என்று காட்டும். ஒரே தண்ணீர், ஒன்றில் 17 பி.பி.டி., இன்னொன்றில் 24.

ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் முதலில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு விட்டுக் கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் மேலே உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்து, துடைத்துவிட்டுக் குட்டைத் தண்ணீரை விடுங்கள். வெயிலில் கிடந்து சூடான கருவியை நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள். பலவற்றின் வெப்பத் திருத்தம் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். கடத்தல் மீட்டரே வேண்டும் என்றால் 50 மில்லி சீமென்ஸுக்கு மேல் போகும் மாடலை வாங்கி, 12.88 மில்லி சீமென்ஸ் கரைசலில் காலிபரேட் செய்யுங்கள். குடிநீருக்கான 1,413 மைக்ரோ சீமென்ஸ் கரைசல் உப்புத்தண்ணீருக்கு எட்டாது.

அறுவடை முடிந்து அடுத்த பட்டத்துக்குக் குட்டை காயும் நாட்களில்தான் பேனாக்கள் அதிகம் சாகின்றன. உங்கள் பேனாவும் அப்படித்தான் காய்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். மூடிக்குள் இருக்கும் பஞ்சை ஸ்டோரேஜ் கரைசலில் நனைத்து, பேனாவை நிமிர்த்தி நிற்கவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பஞ்சு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து இரண்டு சொட்டு விடுங்கள்.