வாடகை எவ்வளவு என்று சொல்லும் தொடர்

கொரியத் தொடர்கள் பற்றி வந்த கேள்விகளில், வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா?

அக்கா, 'ரிப்ளை 1988' தொடரில் ஹீரோயின் தொக்சனின் அப்பாவுக்கு பேங்க் உத்தியோகம். ஆனால் குடும்பமே பாதி தரைக்குக் கீழே இருக்கிற வீட்டில் குடியிருக்கிறது. நம்புகிற மாதிரி இல்லையே?
*கல்லூரி மாணவி, வியாசர்பாடி*

நம்பலாம் தங்கச்சி. அந்த அப்பா நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். வாங்கியவர் கட்டவில்லை, கடன் இவர் தலையில் விழுந்துவிட்டது. சம்பளத்தில் கடன் போக மிச்சம் இருப்பதுதான் வீட்டுச் செலவுக்கு. என் பெரியப்பா இப்படி ஒரு கையெழுத்துப் போட்டுத்தான் தண்டையார்பேட்டையில் இருந்த சொந்த வீட்டை விற்றார். அதனால் அந்த அப்பாவைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை, வயிறுதான் கலங்கியது.

அந்த வீட்டு வகைக்கு 'பான்ஜிஹா' என்று பெயர். வடகொரியாவோடு பதற்றம் முற்றிய நேரத்தில், 1970-ல், புது வீடு கட்டினால் பதுங்கிக்கொள்ள நிலவறையும் வேண்டும் என்று கட்டடச் சட்டத்தில் சேர்த்தார்கள். அது குடியிருக்கக் கட்டிய இடம் இல்லை. சியோலில் கூட்டம் பெருகப் பெருக, வாடகை குறைவு என்று ஏழைகள் அங்கே இறங்கினார்கள். 2022 ஆகஸ்ட் மழையில் சியோலின் குவானாக் பகுதியில் அப்படி ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் ஏரியாவில் கட்டிலுக்கு மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொக்சன் வீட்டு ஜன்னலைப் பார்க்கும்போது எனக்கு அந்த மழை ஞாபகம் வராமல் இருப்பதில்லை. தொடர் அந்தச் சந்தின் அன்பைத்தான் அதிகம் காட்டுகிறது.

அந்த அன்பும் பொய் இல்லை. முதல் எபிசோடில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்கும், அடுத்த வீட்டுக் கறி எதிர்வீட்டுக்கும் பிள்ளைகள் கையில் போய்க்கொண்டே இருக்கும். நான் ராயபுரத்தில் ஒரே வாசலில் ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தவள். நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்கு எங்கள் வீட்டுக்கு வரும், அம்மா அதைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார். கதை நடக்கிற சங்முன்தோங்கும் சியோலின் வடக்குப் பக்கம்தான்.

தொக்சனுக்குப் பொருத்தம் தேக்கா, ஜங்வானா? எங்கள் ஹாஸ்டலில் இன்னும் சண்டை ஓயவில்லை.
*தண்டையார்பேட்டை*

தேக். தொக்சனைப் பார்க்க ஜங்வான் சிக்னலில் மாட்டி லேட்டாக வந்தான், பாதுக் என்ற பலகை ஆட்டக்காரனான தேக் ஆட வேண்டிய ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்தான். கொரியாவிலேயே 2015-ன் கடைசி வாரங்களில் ஊர் இரண்டாகப் பிரிந்து இதற்கு அடித்துக்கொண்டது.

ஹீரோயின் பரம ஏழை, மொட்டைமாடி ரூமில் இருக்கிறாள். ஆனால் தினம் ஒரு புதுக் கோட்டு, புது ஹேண்ட்பேக். எரிச்சலாக வருகிறது அக்கா.
*துணிக்கடையில் வேலை செய்யும் பெண், பழைய வண்ணாரப்பேட்டை*

எனக்கும் வரும். எம்.சி. ரோட்டில் நாளெல்லாம் துணி மடித்துக் கொடுக்கிற உங்களுக்கு அந்தக் கோட்டின் விலை பார்த்ததுமே தெரிந்துவிடும். காரணம் விளம்பரப் பணம். கதைக்குள்ளேயே பொருளைக் காட்டிக் காசு வாங்குவதை கொரிய அரசு 2010-ல் சட்டப்படி அனுமதித்தது. அதனால்தான் ஏழை, பணக்காரன், போலீஸ், வக்கீல் எல்லோரும் ஒரே சாண்ட்விச் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

மொட்டைமாடி ரூம் சமாசாரம் வேறு. சியோலில் அது குளிர்காலத்தில் உறையும், கோடையில் கொதிக்கும். தொடரில் அங்கே சீரியல் பல்பும் ஊர் வெளிச்சமும் மட்டும் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி ரூமில் மே மாதம் தூங்கியவர்கள் அதை நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டாம்.

ஆனால் வீட்டு அட்வான்ஸ் பற்றிய காட்சி வந்தால் கவனித்துப் பாருங்கள். கொரியாவில் 'சோன்சே' என்று ஒரு முறை உண்டு. பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம், காலி செய்யும்போது பணம் திரும்ப வர வேண்டும். நம் பக்கத்துப் போகியமேதான். நானே இப்போது புதுவண்ணாரப்பேட்டையில் போகிய வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன் என்று இழுத்தடிப்பது இங்கே இருப்பது போல அங்கேயும் உண்டு. இன்சோன் நகரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடியில் பணத்தை இழந்து, சிலர் உயிரையும் விட்டபிறகு, 2023-ல் தனிச்சட்டம் வந்தது. ஒரு கொரியக் கதாபாத்திரம் சோன்சேப் பணத்தை எண்ணிப் பயப்படும்போது அந்தப் பயம் நூற்றுக்கு நூறு நிஜம். கோட்டை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவது அந்த மாதிரி இடங்களில்தான். கதாபாத்திரம் எங்கே குடியிருக்கிறது, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று ஒரு தொடர் சொல்லிவிட்டால், மற்றதை நான் நம்பத் தயார்.

'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' பார்த்து நானும் என் நாத்தனாரும் அழுதோம். என் வீட்டுக்காரர் மட்டும், 'குவான்சிக் மாதிரி புருஷன் எவன்டி இருப்பான், எல்லாம் கதை' என்கிறார்.
*காசிமேடு*

உங்கள் வீட்டுக்காரரிடம் பூ சாங்கிலைக் காட்டுங்கள். அவனும் அதே தொடரில், அதே கடலில் படகு வைத்திருக்கிறவன். வீட்டில் கத்துவான், வேலைக்கு வந்தவனை மிதிப்பான். எழுதிய லிம் சாங்சூன் இரண்டு பேரையும் ஒரே ஊரில் வைத்திருக்கிறார். நல்லவனை மட்டும் காட்டி ஏமாற்றவில்லை.

குவான்சிக் செய்வதில் எது நடக்காதது? சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் ஒரு மேசை, பெண்கள் ஒரு மேசை. அவன் எழுந்து எங்கும் போகவில்லை, வசனம் பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, அப்பாவுக்கு முதுகைக் காட்டி, பொண்டாட்டி மேசையில் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். அதற்கு அந்த வீட்டில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்று மருமகளாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தொடரில் எனக்கு நெஞ்சில் நின்றது அரிசிப் பானை. குவான்சிக்கின் வேலை போய், யாரும் சேர்த்துக்கொள்ளாமல், வீட்டில் பொட்டு அரிசி இல்லாத நாட்களில், வீட்டுக்காரத் தாத்தாவும் பாட்டியும் சத்தமில்லாமல் பானையில் அரிசி போட்டுவிடுவார்கள். நம் ஊரிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்க, கடைக்கார அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடி வைத்துக்கொண்டு பருப்பைக் கட்டிக் கொடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்புறம் அவன் பொண்டாட்டி ஏசூனின் பாட்டி சேர்த்து வைத்த பணத்தில் படகு வாங்கி, பிள்ளைகள் மூவரின் பெயரிலிருந்தும் எடுத்து அதற்குப் பெயர் வைக்கிறார்கள். காசிமேட்டுப் படகுகளில் எத்தனை பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறது!

ஏசூனின் அம்மா 'ஹேன்யோ'. ஜேஜு தீவில் ஆக்சிஜன் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி சிப்பி, நத்தை எடுக்கிற பெண்கள். 2016-ல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்தது. கதையில் அந்த அம்மா 29 வயதில் இறந்துபோகிறாள். விடியற்காலை ஏலத்தில் கூடை எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்று வீட்டைத் தாங்குகிற பெண்கள் உங்கள் ஊரில் நிறைய. நீங்களும் நாத்தனாரும் அழுதது சரியான இடத்தில்தான்.

நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. 'மிசேங்' கடைசியில் சாங் குரேயை ஏன் பெர்மனென்ட் ஆக்கவில்லை? மனசு உடைந்துவிட்டது.
*மணலி*

தம்பி, ஆக்கியிருந்தால் தொடர் பொய்யாகியிருக்கும். கொரியாவில் 2007-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: இரண்டு வருடத்துக்கு மேல் கான்ட்ராக்டில் வைத்திருந்தால் அந்த ஆளை நிரந்தரமாகக் கருத வேண்டும். பாதுகாக்க வந்த சட்டம்தான். ஆனால் பல கம்பெனிகள் இரண்டு வருடம் முடியும் முன்பே ஆளை அனுப்பிவிடுகின்றன. குரே உயிரைக் கொடுத்து உழைக்கிறான், மேலதிகாரி ஓ அவனுக்காகத் தன் வேலையையே பணயம் வைக்கிறார், இருந்தும் நடக்கவில்லை. 2014-ல் தொடர் ஓடிய அதே சமயத்தில் அரசு இரண்டு வருடத்தை நான்காக நீட்டப் பார்த்தபோது, எதிர்த்த தொழிற்சங்கங்கள் அந்தத் திட்டத்தைச் சாங் குரே பெயரைச் சொல்லியே திட்டின. ஒரு கதாபாத்திரத்தின் பெயர் தொழிலாளர் சண்டைக்குள் போனது என்றால், தொடருக்கு மூலமான, யூன் தேஹோ வரைந்த வெப்டூன் (இணையச் சித்திரக்கதை) எவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருக்கிறது பாருங்கள்.

மணலியிலும் எண்ணூரிலும் ஒரே கேட்டுக்குள் ஒரே வேலையை இரண்டு சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா வேலை செய்த மில் மூடியபிறகு, அவரும் பத்து வருடம் அப்படித்தான் கேட்டுக்கு வெளியே பேர் கொடுத்துக் காத்திருந்தார். குரே ஜெயித்திருந்தால் உங்களுக்கு அன்றைக்கு இரவு சந்தோஷமாக இருந்திருக்கும். காலையில் ஷிஃப்டுக்குப் போகும்போது அவன் உங்கள் கூட வந்திருக்க மாட்டான்.

என் மகனுக்கு ஆட்டிசம். 'எக்ஸ்ட்ரார்டினரி அட்டர்னி வூ' பார்த்தவர்கள் எல்லாம், 'உன் பிள்ளைக்கு என்ன திறமை இருக்கு?' என்று கேட்கிறார்கள்.
*பெரம்பூர்*

இதைப் படித்ததும் கோபம் வந்தது அம்மா, கேட்டவர்கள் மேல். 2022-ல் அந்தத் தொடர் வந்தபோது கொரியப் பெற்றோர் பலரும் இதையேதான் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள வூ என்ற பெண்ணைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீலாகக் காட்டினால், பேசவே சிரமப்படுகிற பிள்ளையை யார் பார்ப்பார்கள்? மூன்றாவது எபிசோடில் அப்படி ஒரு பையன் வருகிறான், குற்றம் சுமத்தப்பட்டவனாக. ஒரே ஆட்டிசம், ஆனால் ஊர் வூவை எப்படிப் பார்க்கிறது, அவனை எப்படிப் பார்க்கிறது என்று அங்கே காட்டுகிறார்கள். அடுத்தமுறை யாராவது கேட்டால் அந்த எபிசோடைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை எந்தத் திறமையையும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

கொரியத் தொடர் 16 எபிசோடில் முடிந்துவிடுகிறது, அதனால்தான் யதார்த்தமாக இருக்கிறது. நம்ம சீரியல் மட்டும் ஏன் முடிவதே இல்லை?
*திருவொற்றியூர்*

அங்கேயும் முடியாத சீரியல் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை ஓடுகிற டெய்லி தொடர்கள் நூறு எபிசோடைத் தாண்டும், வாரக்கடைசிக் குடும்பத் தொடர்கள் ஐம்பது வரை போகும். மாமியார் கொடுமை, பிறந்த ரகசியம், ஞாபகம் மறந்துபோவது எல்லாம் அவற்றில் தாராளம். நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 16 எபிசோட் வகை. நம் சீரியலையும் கொரியத் தொடரையும் எடை போடுவதானால் டெய்லி தொடரை டெய்லி தொடரோடு வையுங்கள். பார்க்க விரும்பினால் எழுதுங்கள், நல்லதாக இரண்டு பெயர் அடுத்த இதழில் தருகிறேன்.