பூம்பூம் மாடும் ‘ரோஜர்’ என்ற சொல்லும்

கேள்வி: எனக்கு 19 வயது. தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். ரேடியோத் தேர்வில் போன முறை தோற்றுவிட்டேன். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் உரையாடல்கள் இருந்த, சீனியர் ஒருவர் கொடுத்த நோட்டை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வாளர் நடுவில் நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார். புரியவில்லை. ‘ரோஜர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். தமிழ் வழியில் படித்தவன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா, இல்லை இன்னும் இரண்டு நோட்டு மனப்பாடம் செய்யட்டுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உங்களைத் தோற்கடித்தது ஆங்கிலம் இல்லை, அந்த ‘ரோஜர்’தான்.

வாத்தியார் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டும். அப்படித்தான் நாம் வளர்ந்தோம். திரும்பக் கேட்டால் மக்கு என்று பெயர் வரும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் பயந்தது இந்தத் தலையாட்டலுக்குத்தான். ரேடியோவில் தலை தெரியாது, அதற்குப் பதில் ‘ரோஜர்’ வரும்.

அந்தச் சொல்லுக்கு ‘நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுதும் கிடைத்தது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. ‘அப்படியே செய்கிறேன்’ என்பதற்கு ‘வில்கோ’. ஆனால் ரன்வே (ஓடுபாதை), உயரம், திசை, வேகம், கியூஎன்எச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு), ஸ்குவாக் எண் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்), கிளியரன்ஸ் (அனுமதி) என்று வந்துவிட்டால் இரண்டுமே போதாது. வாங்கியதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். ‘ஹோல்ட் ஷார்ட் ரன்வே ஜீரோ நைனர்’ (ஓடுபாதை 09-க்கு முன்பே நில்லுங்கள்) என்றால் ‘ஹோல்டிங் ஷார்ட் ரன்வே ஜீரோ நைனர்’ என்று சொல்லி, கடைசியில் உங்கள் கால்சைன், அதாவது ரேடியோவில் உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயர். நீங்கள் தப்பாகக் கேட்டிருந்தால் எங்களுக்கு அது தெரிய வேறு வழியே இல்லை.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடுபாதையில் மூடுபனி. கேஎல்எம் விமானத்திலிருந்து ‘நாங்கள் இப்போது டேக்ஆஃபில்’ என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. கோபுரம் ‘ஓகே’ என்றது. ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று கோபுரம் தொடர்ந்த அதே நொடியில், அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானமும் பேசியது. இரண்டு குரலும் மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் ஒரு கீச்சொலியாக விழுந்தது. கேஎல்எம் நிற்காமல் ஓடி பான் ஆம் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். இன்று ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துகிறோம். மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’. ‘ரெடி ஃபார் டேக்ஆஃப்’ என்று தேர்வில் சொல்லிவிட்டால் தேர்வாளரின் முகம் ஏன் மாறும் என்று இப்போது புரியும்.

சரி, புரியாதபோது என்ன செய்வது? அதற்கும் சொற்களை விதியே கொடுத்திருக்கிறது. ‘சே அகெய்ன்’. பாதி புரிந்தால் ‘சே அகெய்ன் ஆல் ஆஃப்டர்’ என்று சொல்லி, கடைசியாகப் புரிந்த சொல்லைச் சேருங்கள். வேகமாகப் பேசினால் ‘ஸ்பீக் ஸ்லோவர்’. இவை மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அல்ல, உயிராபத்தை அறிவிக்கும் ‘மேடே’ போலவே தொழில் சொற்கள். தேர்வாளர் நோட்டில் இல்லாததைச் சொன்னதே, நீங்கள் கேட்பீர்களா தலையாட்டுவீர்களா என்று பார்க்கத்தான் என்பது என் ஊகம்.

மேடே என்றதும் இன்னொன்று. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியான்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ஆபத்து என்பதற்கான சொல்லை மட்டும் கடைசிவரை உச்சரிக்கவில்லை. தயங்காமல் மேடே மூன்று முறை, யாரைக் கூப்பிடுகிறீர்கள், கால்சைன், என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே, எந்த உயரம், எந்தத் திசை, உள்ளே எத்தனை பேர். இந்த வரிசையை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்யுங்கள், அதற்கு நான் தடை சொல்லவில்லை. ஸ்குவாக் எண்களும் அப்படியே: 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரம்.

மற்றதற்கு மொட்டை மாடிக்குப் போங்கள். சாக்பீஸால் ஒரு ஓடுபாதையும் அதைச் சுற்றி சர்க்யூட்டும் (விமானம் சுற்றிவந்து இறங்கும் பாதை) வரையுங்கள். டவுன்விண்ட், பேஸ், ஃபைனல் என்று அதன் ஒவ்வொரு பகுதியிலும் நடந்துகொண்டே பேசுங்கள். நண்பர் மாடியிலேயே இருக்க வேண்டாம், ஃபோனில் இருக்கட்டும். முகம் பார்த்துப் புரிந்துகொள்ளும் வசதி உங்களுக்கு அங்கே கிடையாது. அவர் நினைத்தபோது மாற்றட்டும்: ஓடுபாதை மூடியிருக்கிறது, வட்டமடி, வேறு அலைவரிசைக்குப் போ. நடக்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது காலுக்கே தெரிந்திருப்பதால், அடுத்து என்ன வரக்கூடும் என்று காது முன்கூட்டியே காத்திருக்கும். ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் கால்சைனின் தலை வெட்டுப்படும். நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்ட வேண்டாம். உங்கள் பயிற்சிப் பள்ளியில் நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172 விமானம் இருந்தால் மற்றவர் பறக்கும்போது பின்சீட்டில் அனுமதி கேட்டு உட்காருங்கள்.

தமிழ்ச் சாயல் பற்றிக் கவலை வேண்டாம். சர்வதேச ஆங்கிலத் திறன் அளவுகோலின் 4ஆம் நிலையே தாய்மொழிச் சாயலை ஏற்றுக்கொள்கிறது. ட்ரீ (3), ஃபோவர் (4), ஃபைஃப் (5), நைனர் (9) என்று எண்களை மட்டும் விதிப்படி சொல்லுங்கள். வாய்மொழிக் கேள்விகளுக்குக் காரணத்தோடு படியுங்கள். உதாரணமாக, விமான ரேடியோ பயன்படுத்தும் விஎச்எஃப் அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் போவதால், 2,500 அடியில் சுமார் 60 கடல் மைல் எட்டும்.

2025 ஜனவரி 1 முதல் புதிய விமானச் சட்டம் அமலுக்கு வந்து, இந்தத் தேர்வின் பொறுப்பு தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டிஜிசிஏவுக்கு (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) போய்விட்டது. பழைய நோட்டில் இருக்கும் தேர்வு முறையை நம்பாமல் டிஜிசிஏ அறிவிப்பைப் பாருங்கள்.

அப்புறம், வீடு. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு அம்மாவிடம் ஒரு உதவி கேளுங்கள். ஆங்கில எண்கள் தெரிந்தால் போதும். ஒரு தாளில் ஸ்குவாக், உயரம், அலைவரிசை என்று இருபது எண் எழுதிக் கொடுங்கள். சமையல் நேரத்தில், குக்கர் விசில் நடுவே, அவர் ஃபோனில் வரிசை மாற்றிப் படிக்கட்டும். நீங்கள் மாடியில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லுங்கள். காதில் விழாத ஒவ்வொரு முறையும் அவரிடமே ‘சே அகெய்ன்’ கேளுங்கள்.