கழுத்து நரம்புத் துளை சுருக்கம்: ஸ்கேன் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வயது 52. வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகின்றன. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் சி5-6 வலப்பக்கம் 'கடுமையான ஃபோராமினல் ஸ்டெனோசிஸ்' என்று போட்டிருக்கிறார்கள். ஆபரேஷன்தானா டாக்டர்?

பதில்: அவசரப்பட வேண்டாம். தண்டுவடத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு வெளியே வரும் சின்னத் துளைதான் ஃபோராமென். டிஸ்க் பிதுங்கினாலோ ஓரத்தில் எலும்பு முளைத்தாலோ அது குறுகும். சி5-6 என்றால் கழுத்தின் 5ஆவது, 6ஆவது எலும்புகளுக்கு இடையே. கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி, முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே வந்துவிடுகிறது, அதனால் சி5-6 துளையில் வருவது 6ஆவது நரம்பு, அது கட்டை விரல் பக்கம் போகிறது. உங்களுக்குப் படமும் பக்கமும் விரலும் பொருந்துகின்றன. ஆனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கும், அதையும் சோதித்துவிடுங்கள். 'கடுமை' என்பது துளையின் அளவைத்தான் சொல்கிறது. கையில் பலம் குறையாத வரை, பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை, பிசியோதெரபியிலேயே சில வாரங்களில், சில மாதங்களில் குறைந்துவிடுகிறது.

கேள்வி: ஒரு ஸ்கேன் சென்டரில் 'மிதமானது', இன்னொன்றில் 'கடுமையானது' என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் நேர்மையாகவே எழுதியிருக்கலாம். இந்தத் துளை நேராகப் பக்கவாட்டில் திறப்பதில்லை, ஏறக்குறைய 45 டிகிரி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதனால் வழக்கமாக எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில் அது முழுசாகத் தெரியாது. குறுக்குவெட்டுப் படத்தில் பார்க்கிறோம், சாய்வாக ஒரு வரிசை எடுத்தால் இன்னும் தெளிவு. துளைக்கு வெளியே நரம்பு எவ்வளவு தடிமனோ அதில் பாதி அல்லது அதற்கும் குறைவாகத் துளை இருந்தால் கடுமை என்பது ஒரு முறை, நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு எவ்வளவு மறைந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. கிரேடியன்ட் எக்கோ என்ற வகைப் படம் துளையை இருப்பதைவிடச் சிறிதாகவே காட்டும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், இரண்டு படங்களையும் கொடுத்து அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே போதாதா?

பதில்: சாய்வாக எடுத்தால் எலும்பு முளைத்தது தெரியும், நரம்பு தெரியாது. நரம்பு, டிஸ்க், தண்டுவடம் பார்க்க எம்ஆர்ஐ. எலும்பு எவ்வளவு முளைத்திருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் சிடி ஸ்கேன்.

கேள்வி: அண்ணாந்து பார்த்தால் கை முழுக்கச் சுருக்கென்று இழுக்கிறது, எம்ஆர்ஐயில் 'லேசானது' என்றுதான் இருக்கிறது.

பதில்: படம் எடுத்தபோது கழுத்தை நேராக வைத்து மல்லாந்து படுத்திருந்தீர்கள். அண்ணாந்தால் துளை இன்னும் குறுகும். உங்கள் வலி பொய்யில்லை. கழுத்தைச் சாய்த்து அழுத்திப் பார்க்கும் சோதனையை டாக்டரே செய்யட்டும், வீட்டில் முயலாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68. வலி இல்லை, ஆனால் சட்டைப் பட்டன் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது. பழைய ரிப்போர்ட்டில் துளை சுருக்கம் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இது துளையில் நரம்பு நசுங்குவது போல இல்லை, தண்டுவடமே அழுத்தப்படுவதாக இருக்கலாம். வலி இல்லாததால் நாளைத் தள்ளிவிடுகிறார்கள், இழந்த பலம் பிறகு முழுசாகத் திரும்பாமல் போகலாம். இந்த வாரமே நரம்பியல் அல்லது முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள், புது எம்ஆர்ஐ தேவைப்படும். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ கால் சட்டென்று பலமிழந்தாலோ இரவென்றாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.