ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மணிக்கட்டைத் தூக்குகிறான், விரல்கள் மடங்கவில்லை, கால்களில் அசைவே இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று ஏழு லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா? வெளிநாட்டில் மின்சாரம் செலுத்தி நடக்க வைக்கிறார்களாமே?

பதில்: விற்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் நான்கு பேருக்குச் செல்களைச் செலுத்தி, இருவருக்கு முன்னேற்றம் என்று 2025-இல் அறிவித்தது உண்மை. அவர்களெல்லாம் அடிபட்டு ஒரு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்கள். தம்பியின் நிலை வேறு.

மின்தூண்டல் நம்பகமான பாதை. பெரும்பாலான காயங்களில் தண்டுவடம் முழுதாக அறுந்துவிடுவதில்லை. மிஞ்சிய நரம்பு இழைகள் வழியே வரும் கட்டளை தசையை அசைக்கும் அளவுக்கு இருப்பதில்லை, அவ்வளவுதான். காயத்துக்குக் கீழே மின்சாரம் கொடுத்து அங்குள்ள நரம்புகளை உசுப்பிவிட்டால், அந்தப் பலவீனமான கட்டளையே போதுமானதாகிவிடும். சுவிட்சர்லாந்தின் லோசானில் நரம்பியல் விஞ்ஞானி கூர்ட்டின், நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் பிளாக் குழுவினர் முதுகுக்குள் மின்முனைகளைப் பொருத்தி மூவரை நடக்க வைத்ததை 2018-இல் வெளியிட்டார்கள். அதுவும் மாதக்கணக்கான பயிற்சியோடு.

கழுத்துக் காயக்காரர்களுக்கு அதைவிட முக்கியமானது 'ஆர்க்-எக்ஸ்' கருவி. அறுவை சிகிச்சை வேண்டாம். கழுத்துத் தோலில் மின்முனையை ஒட்டிக்கொண்டே கைப் பயிற்சி செய்ய வேண்டும். 60 பேரில் 72 சதவீதம் பேருக்குக் கை வலுவும் பயன்பாடும் கூடின. 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் அந்த ஆய்வில் உணர்வோ அசைவோ கொஞ்சமாவது மிஞ்சியவர்களை மட்டுமே சேர்த்தார்கள்.

அதனால் முதலில் மறுவாழ்வு மருத்துவரிடம் 'ஏஷியா' (ASIA) என்ற உணர்வு, அசைவுப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஆசனவாய்ப் பகுதியில் தொடுவதும் குத்துவதும் தெரிகிறதா, அங்கே தசை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கூச்சத்தால் இதைத் தவிர்த்துவிடாதீர்கள். காயம் முழுமையானதா, பகுதியா என்பதை எம்.ஆர்.ஐ. படத்தைவிட இதுவே தெளிவாகச் சொல்லும்.

தம்பி மணிக்கட்டைத் தூக்குகிறார் என்பது பெரிய விஷயம். விரல் தசைகள் வேலை செய்யாவிட்டாலும், மணிக்கட்டு மேலே எழும்போது விரல்கள் தாமாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். 'நீட்டிவிடுகிறேன்' என்று மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்து இழுத்தால் அந்தப் பிடி போய்விடும். பிசியோதெரபிஸ்ட்டிடமும் இதைக் கேளுங்கள். வேலை செய்யும் தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. பல ஆண்டுகளாகச் செய்யப்படுவது அது. நடக்க வைக்காது; ஆனால் டம்ளரைப் பிடிக்கவும் பேனா எடுக்கவும் வைக்கலாம். கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க இதுவே சரியான சமயம்.