இயேசுவின் பாடுகளை யாருக்கும் புரியாத பழைய மொழிகளில் படமாக எடுத்ததால் என்ன பயன்?

மெல் கிப்சன் இயக்கி 2004இல் வந்த 'த பேஷன் ஒஃப் த கிறைஸ்ட்' படத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் பேசப்படுவதெல்லாம் அரமேயம் (இயேசு காலத்து யூதர்களின் பேச்சுமொழி), எபிரேயம், இலத்தீன். வசனங்களை அந்த மொழிகளுக்கு மாற்றிக் கொடுத்தவர் வில்லியம் ஃபுல்கோ என்ற இயேசு சபைக் குரு. முதலில் சப்டைட்டிலே வேண்டாம் என்றுதான் கிப்சன் நினைத்திருந்தார்.

பயன் இருக்கிறது. கொழும்பில் வளர்ந்த தமிழனுக்கு அது சீக்கிரம் விளங்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், அப்பாவும் நானும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். செக்பொயிண்டில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அப்போது தமிழர்களின் அடையாள அட்டையில் தமிழ் எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்தாலே போதும், யார் என்று தெரிந்துவிடும். அப்பாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்த சிப்பாய், தனக்குத் தெரிந்த தமிழில் "எங்க போறது?" என்று அதட்டினார். அப்பா நல்ல சிங்களத்தில், "கெதர யனவா மாத்தயா" என்றார். வீட்டுக்குப் போகிறோம் ஐயா, அவ்வளவுதான். அட்டையைப் பிடித்திருந்த அந்தக் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதுவரை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இயேசுவை விசாரிக்கும் ரோம ஆளுநர் பிலாத்து, அவரிடம் அரமேயத்தில் பேச்சைத் தொடங்குவார். இயேசு இலத்தீனில் பதில் சொல்வார். பிலாத்து திகைத்துப் பார்ப்பார். டிவிடியில் அந்த இடம் வந்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அதிகாரத்தில் இருப்பவன் உன் மொழிக்கு இறங்கி வந்து பேசுகிறான், நீ அவன் மொழியிலேயே நிமிர்ந்து பதில் சொல்கிறாய். எல்லாரும் ஆங்கிலம் பேசுகிற படத்தில், அல்லது தமிழில் டப் செய்த படத்தில், இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. 1983இல் ஜி. வி. ஐயர் 'ஆதி சங்கராச்சார்யா' படத்தைச் சமஸ்கிருதத்தில் எடுத்தார். அங்கே எல்லாருக்கும் ஒரே மொழி. இங்கே யார் எந்த மொழியில் யாரை ஏசுகிறார்கள், யார் எதில் செபிக்கிறார்கள் என்பதும் கதையின் பகுதி.

இதற்காக அந்தப் படம் நூறு வீதம் சரி என்று சொல்ல மாட்டேன். ரோம சாம்ராச்சியத்தின் கிழக்குப் பகுதியில் பொது மொழியாக இருந்தது கிரேக்கம். சிலுவையின் மேல் வைத்த பலகையில் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுதியிருந்ததாக யோவான் 19:20 சொல்கிறது. படத்தில் கிரேக்கம் இல்லை. இலத்தீனையும் பழைய ரோமர் பேசிய மாதிரி இல்லாமல், கோவிலில் பூசைக்குச் சொல்லும் உச்சரிப்பில்தான் பேசுகிறார்கள். இவை எனக்குப் பெரிய குறை இல்லை. மனதை உறுத்துவது வேறு. "இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்" என்ற வரி யூதர்களுக்கு எதிரான வெறுப்பை வளர்க்கும் என்று எதிர்ப்பு வந்தபோது, சப்டைட்டிலை மட்டும் எடுத்துவிட்டார்கள். அரமேயக் குரல் அப்படியே இருக்கிறது. ஒரு வரியைச் சொல்லத் துணிந்தால் எல்லாருக்கும் விளங்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடவேண்டும். பார்ப்பவருக்குத் தெரியாத மொழியின் பின்னால் ஒளித்து வைப்பது நேர்மை இல்லை.

"யாருக்கும் புரியாத" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு என் அம்மம்மாதான் பதில். ஆங்கில சப்டைட்டில் அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து நிமிசம் போனதும் என் தொடையில் கையை வைத்து, "நீ பேசாம இரு ராசா, எனக்கு விளங்குது" என்றா. யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைப் பெரிய வெள்ளிதோறும் கேட்டு வளர்ந்தவ. அடுத்து என்ன நடக்கும் என்று அவவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. "அப்பா" என்று குரல் வந்தபோது மட்டும் என் பக்கம் திரும்பினா. அரமேயத்திலும் தந்தைக்கு 'அப்பா'தான். (இதை வைத்து அரமேயம் தமிழிலிருந்து வந்தது என்று தயவுசெய்து யாரும் தொடங்கவேண்டாம். பல மொழிகளில் குழந்தை முதலில் சொல்லும் சொற்கள் இப்படித்தான் இருக்கும்.)

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, தவக்காலத்தில் எங்கள் பங்கில் திருப்பாடுகளின் காட்சி போட்டோம். வசனம் எழுதியது நான். சனத்துக்கு விளங்கட்டும் என்று சிலுவையில் சொல்லும் வாக்கியத்தையும் தமிழில், "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றே எழுதியிருந்தேன். அடுத்த வரி கீழே நிற்கும் ஒருவனுக்கு, எலியா என்ற பழைய இறைவாக்கினரைப் பற்றி: "இவன் எலியாவைக் கூப்பிடுகிறான்." ஒத்திகையில் அந்த வரியைப் பேசவேண்டிய பையன், பன்னிரண்டு வயது இருக்கும், வாயைத் திறக்காமல் நின்றான். என்னடா என்று கேட்டேன்.

"அண்ணா, அவர் எலியா எண்டு சொல்லவே இல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. வேதாகமத்தை எடுத்து மத்தேயு 27:46ஐப் பார்த்தேன். "ஏலி, ஏலி, லெமா சபக்தானி?" 'என் இறைவா' என்ற பொருளில் ஏலி என்றது எலியா என்று காதில் விழுந்திருக்கிறது. சாகும் நேரத்தில் ஒருவர் கத்துவதைப் பக்கத்தில் நிற்பவன் பிழையாக விளங்கிக்கொள்கிறான். நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதியவரும் அந்த ஒலியை அப்படியேதான் விட்டு வைத்திருக்கிறார். நான்தான் அதை அழித்திருந்தேன்.

அன்றே வரியை மாற்றினோம். பெரிய வெள்ளியன்று சிலுவையில் இருந்தவர் "ஏலி" என்று கத்தியதும், அந்தப் பையன் யாரும் கை காட்டாமலே திடுக்கிட்டு மேலே பார்த்துவிட்டுத் தன் வரியைச் சொன்னான். நீங்களும் நாடகமோ குறும்படமோ செய்ய யோசித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், மற்றதெல்லாம் தமிழில் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மாற்றாதீர்கள்.